எழுந்து நின்றால் ஆதரவு

அத்தியாயம் 6

"எங்கம்மா யார் கையிலயும் எதையும் வாங்கலீங்க" என்றாள் மெர்சி. வந்ததிலிருந்து அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பத்மாவதி பதில் சொல்லவில்லை. கோவை கணபதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறைக்கு மேலே இருந்தது அவளுடைய அலுவலகம். ஊரடங்கு போட்டதிலிருந்து பட்டறை மூடிக் கிடந்தது. தெருவில் ஆம்புலன்ஸ் போனால்தான் சத்தம். அவள் இருபது வருஷம் கோர்ட்டில் சுருக்கெழுத்து எடுத்தவள். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் விழுகிற மௌனத்தைக் குறிக்க அந்த எழுத்தில் ஒரு கோடுகூட இல்லையே என்று அப்போதே உறுத்தும். வேலையை விட்டுவிட்டுத் துப்பறிய வந்தது அந்த மௌனத்துக்காகத்தான்.

அவளுடைய உதவியாளன் ரசாக்குக்கு மௌனம் ஆகாது. ஆட்டோ ஓட்டியவன். காலி சீட்டைப் பார்த்தால் எப்படியோ அப்படித்தான் அவனுக்கு இதுவும்.

"எதையும் வாங்காத மெம்பரா? டிக்கெட் போட்டுக் காட்டலாமுங்களே."

"ரசாக்."

"சும்மா இருக்கறேங்க்கா."

மெர்சி போத்தனூரில் கணக்கு டீச்சர். விஷயத்தைக் கணக்கு மாதிரியே படிப்படியாகச் சொன்னாள். அன்னூரைத் தாண்டி நீலிகுட்டை ஊராட்சி. வார்டு உறுப்பினர்கள் ஒன்பது பேர். அவளுடைய அம்மா பழனியாத்தாள் காலனி வார்டின் உறுப்பினர். தொற்றுக் காலத்தில் ஒரே அறையில் கூடக் கூடாதென்று மன்றக் கூட்டத்தை செல்போனில், வீடியோவில் நடத்தினார்கள். போன வாரம் ஒரு தீர்மானம் வந்தது. காலனி மயானத்தை ஊருக்கு வெளியே பாறைக்காட்டுக்கு மாற்றுவது, இருக்கிற இடத்தில் பாதை போடுவது. தொற்றில் செத்தவர்களை வீடுகளுக்குப் பக்கத்தில் புதைப்பது ஆபத்து என்று காரணம் எழுதியிருந்தார்கள். பாதை போய்ச் சேருவது தலைவர் சாய்சரண் பிரித்துப் போட்டிருக்கும் வீட்டுமனைகளில்.

"ஆதரவு அஞ்சு. எதிர்ப்பு நாலு. அந்த அஞ்சாவது ஓட்டு எங்கம்மாவோடது. எங்கப்பாவைப் பொதைச்சு இன்னும் வருஷம் திரும்பலீங்க. அந்த மண்ணுலதான் இருக்கறாரு."

"காலனிக்காரங்க?"

"யாரும் பேசறதில்லைங்க. தண்ணிக் கொழாயில அம்மா கொடத்தை எடுத்து ஓரமா வெச்சுடறாங்க. திங்கக்கிழமை கூட்டத்துல இந்தத் தீர்மானத்தை உறுதி பண்ணிட்டா, மறுநாளே பொக்லைன் வந்துரும்."

"உங்கம்மா என்ன சொல்றாங்க?"

"'எந்திரிச்சது நெசம், ஓட்டுப் போடல'ங்கறாங்க. அதுக்கு மேல கேட்டா அடுப்படிக்குள்ள போயிடறாங்க."

"எந்திரிக்கறதுக்கும் ஓட்டுக்கும் என்ன சம்பந்தமுங்க?" என்றான் ரசாக்.

அதையும் சொன்னாள். முதலில் கை தூக்கித்தான் ஓட்டு. பாதிப் பேர் கை செல்போன் திரைக்குள்ளேயே வரவில்லை. ஒருவர் கை தூக்கிய நேரத்தில் நெட் நின்றுபோய், படம் உறைந்து, அடுத்து வந்த மூன்று தீர்மானங்களுக்கும் அவர் கை தூக்கியபடியே இருந்தார்.

"பெரிய மனசுக்காரர்" என்றான் ரசாக்.

அதனால் சாய்சரண் புது முறை கொண்டுவந்தான். ஆதரிப்பவர்கள் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்க வேண்டும். எதிர்ப்பவர்கள் உட்கார்ந்தே இருந்தால் போதும். தலைவர் மைக்கைத் திறந்துவிட்டால்தான் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கும். சுலபம், குழப்பமில்லை என்று எல்லோரும் பாராட்டினார்களாம்.

ஊராட்சி வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்த பதிவை மெர்சி ஓடவிட்டாள். தலைவருக்கு ஒன்று, உறுப்பினர்களுக்கு ஒன்பது. எல்லாம் ஒரே அளவுக் கட்டங்கள். நீலிகுட்டையில் இந்த மனிதர்கள் ஒரே அளவில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள் பத்மாவதி.

பிரான்சிஸ் என்ற இன்னொரு காலனி உறுப்பினர் தீர்மானத்தை எதிர்த்துக் காரமாகப் பேசி முடித்தான். சாய்சரண் தீர்மானத்தை வாசித்தான். நான்கு பேர் எழுந்தார்கள். கைப்பிடியை ஊன்றி, திரையைப் பார்த்து, மற்றவர் எழுந்தாரா என்று பார்த்து, மெதுவாக எழுந்தார்கள். பழனியாத்தாள் மட்டும் அவர்களுக்கு முன்பே எழுந்துவிட்டார். தலைவர் வாசித்து முடிக்கக்கூட இல்லை. திரையைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி, முந்தானையை இழுத்து இரண்டு தோளையும் மூடிக்கொண்டு நின்றார். மற்றவர்கள் உட்கார்ந்த பிறகும் நின்றார்.

"அஞ்சு பேருங்க. தீர்மானம் நிறைவேறியது" என்றது சாய்சரணின் குரல், ரொம்பப் பணிவாக.

"இன்னொருக்கா போடு" என்றாள் பத்மாவதி. பார்த்தாள். பிறகு, "வண்டியை எடு ரசாக்" என்றாள்.

"போலீஸ் மறிச்சா? துப்பறியறது அத்தியாவசியப் பணியில வராதுங்க்கா."

"என்ன வரும்?"

"தக்காளி."

ஆட்டோவின் பின்னால் இரண்டு தக்காளிக் கூடைகளை ஏற்றிக்கொண்டு மூவரும் கிளம்பினார்கள். வழியில் மறித்த கான்ஸ்டபிள் கூடையைப் பார்த்தார், பத்மாவதியின் கண்ணாடியைப் பார்த்தார். "வெயில்ல வாடிரும், சீக்கிரம் போங்கம்மா" என்று விட்டுவிட்டார்.

"உங்களைத்தான் சொல்றாரு" என்றான் ரசாக்.

பழனியாத்தாள் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்துத் தலையசைத்தார். ரசாக் வணக்கம் சொன்னபோதும், அவனுக்குப் பின்னால் பத்மாவதி இறங்கியபோதும் உட்கார்ந்தபடியேதான் வணக்கம் சொன்னார்.

"தக்காளி என்ன வெலைங்க?"

"வியாபாரம் இல்லைம்மா. இவங்க அந்த ஓட்டு விஷயமா வந்திருக்கறாங்க" என்றாள் மெர்சி.

பழனியாத்தாளின் முகம் இறுகியது. ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்பவரைப் போல, "அம்மணிக்கு எந்த ஊருங்க?" என்றார்.

"பொறந்தது இருகூர்ப் பக்கமுங்க. அப்பாவுக்குத் தோட்டம் இருந்துச்சு. ஊட்டுல தெலுங்குதான் பேசுவோம்."

பழனியாத்தாளின் மடியிலிருந்து பூண்டுத்தோல் சிதறியது. அவர் எழுந்து நின்றுவிட்டார். பத்மாவதிக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் திரும்பி, முந்தானையை இழுத்து இரண்டு தோளையும் மூடியபடி.

ரசாக் குனிந்து சிதறிய தோலைப் பொறுக்கினான்.

"உக்காருங்க" என்றாள் பத்மாவதி. இருகூர் வீட்டுக் களத்தில் வேலைக்கு வந்த காலனிப் பெண்கள் இப்படி நின்றதைச் சின்ன வயதில் தினமும் பார்த்திருக்கிறாள். அவர்களுக்கு உட்காரப் பிடிக்காது போலிருக்கிறது என்றுதான் அப்போது நினைத்திருந்தாள்.

பழனியாத்தாள் உட்காரவில்லை. பூண்டை அள்ளிக்கொண்டு அடுப்படிக்குள் போனார்.

பத்மாவதி தெருவுக்கு வந்தாள். "ரசாக், அந்தக் கூட்டத்தை மறுபடி போடு. பாக்க வேண்டாம், கேப்போம். அன்னைக்கும் யாருக்கோதான் எந்திரிச்சிருக்கறாங்க."

"அவங்க மைக்கை மூடி வெச்சிருந்தாங்களேங்க்கா."

"அவங்களோடது மூடியிருந்துச்சு. பிரான்சிஸோடது? பேசி முடிச்சதும் மூடினாங்களா?"

ரசாக் செல்போனைக் காதோடு ஒட்டிக்கொண்டான். பிரான்சிஸின் பேச்சு முடிந்தது. சேவல் ஒன்று கூவியது. சாய்சரண் வாசிக்கத் தொடங்கினான். அப்போது, தூரத்தில் இரட்டைக் குரலில் நீளமாக ஒரு ஹாரன்.

"லாரி ஹாரனுங்க்கா. ஆனா அடியில ஓடுற இஞ்சின் லாரி இல்ல."

பிரான்சிஸ் வீடு நாலு வாசல் தள்ளி. விசைத்தறி ஓட்டுகிறவன். வாசலில் நடந்தபடி யாரிடமோ செல்போனில் கெஞ்சிக்கொண்டிருந்தான். அவன் மனைவி பொற்கொடி ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸுக்குள்ளேயே ஆக்சிஜன் படுக்கைக்காகக் காத்துக் கிடக்கிறாள் என்று மெர்சி சொன்னாள்.

பத்மாவதி ஹாரனைப் போட்டுக் காட்டினாள்.

"இதா? தலைவரோட அப்பா, தோட்டத்து ஐயா பாலகோபாலோட கான்டெஸா காருங்க. அந்த வண்டி தெருவுக்குள்ள வந்தா எங்காளுக எல்லாம் எந்திரிச்சு நின்னாகணும். அந்தக் காலத்துப் பழக்கம். அன்னைக்கும் போச்சு. நான் எந்திரிக்கலைங்க, உக்காந்தேதான் இருந்தேன்." பழனியாத்தாளின் வீட்டுப் பக்கம் துப்பினான். "அந்தம்மா பேச்சை எடுக்காதீங்க. வித்துப்போட்டா, எங்களையெல்லாம் வித்துப்போட்டா." செல்போன் மறுபடி அடித்தது. அவர்களைக் கையால் ஒதுக்குவதுபோல் விலக்கிவிட்டுப் பேசப் போய்விட்டான்.

"ஆக, மகன் ஓட்டு எடுக்கற நேரத்துல அப்பாவைக் கார்ல அனுப்பியிருக்கறான்" என்றான் ரசாக். "அப்பா வந்தா அம்மா எந்திரிக்கும். எந்திரிச்சா ஓட்டு. ஏனுங்க்கா, இதுக்குப் படிச்சிருக்கணுமே."

"பெரியவரைப் பாக்கலாம் வா" என்றாள் பத்மாவதி. மெர்சியை அவள் அம்மாவோடு விட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

தோட்டத்துக் கேட்டுக்குள் கார் கொட்டகையில் தேக்கு நிறத்தில் பழைய கான்டெஸா நின்றது. வயதான டிரைவர் மாசாணம் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரும் காலனிக்காரர்தான். ரசாக் தொழில்காரன் தோரணையில் வண்டியைச் சுற்றிவந்தான்.

"ஹாரன் மட்டும் லாரியாட்டம் இருக்குதுங்களே, பெரியவரே?"

"ஐயா ஆசைப்பட்டு மாட்டினதுங்க. காடு முச்சூடும் கேக்கும்." அவருக்குச் சிரிப்பு வந்தது. "சின்னவரு, இப்பத் தலைவரு, சின்னப் புள்ளையில ஐயா மடியில உக்காந்துட்டு இதை அடிச்சு வெளையாடுவாருங்க. அடிச்சா காட்டுல களை எடுக்கறவங்க எல்லாம் எந்திரிப்போம். மறுபடி அடிப்பாரு, மறுபடி எந்திரிப்போம். விழுந்து விழுந்து சிரிப்பாரு."

ரசாக் சிரிக்கவில்லை.

"போன வாரம் மன்றக் கூட்டத்தன்னிக்கு வண்டி எடுத்தீங்களா?" என்று கேட்டாள் பத்மாவதி.

"எடுத்தேனுங்க. சும்மாவே நின்னா பேட்டரி போயிருமுன்னு சின்னவரு சொன்னாரு. காலனி வளைவுல நிறுத்தி வெச்சுக்க, கூட்டம் முடியற நேரம் மிஸ்டு கால் குடுக்கறேன், என்னைக் கூட்டிட்டுப் போக ஆபீசுக்கு வா, வழியில ஆடு படுத்திருக்கும், நல்லா ஹாரன் அடிச்சுட்டு வான்னாரு. அதே மாதிரி போனேன். ஆபீசுல பாத்தா கூட்டம் இன்னும் நடந்துட்டுத்தான் இருந்துச்சு. அவசரப்பட்டுக் கூப்பிட்டுட்டாரு போல."

"பின்சீட்டுல ஐயா இருந்தாருங்களா?"

மாசாணம் துடைப்பதை நிறுத்தினார்.

"ஏனுங்க, உங்களுக்குத் தெரியாதா? ஐயா தவறிட்டாருங்க. இந்த நோவுதான். கூட்டத்துக்கு முந்தியே பதினாறாம் நாள் காரியமும் முடிஞ்சு போச்சுங்களே."

கொட்டகைக்குள் ஒரு புறா இறக்கையை அடித்துக்கொண்டது.

"காலனியில எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியாம? பழனியாத்தா கேதத்துக்கு வந்து கேட்டுக்கு வெளிய நின்னு அழுதுட்டுப் போச்சுங்க."

ரசாக் பத்மாவதியைப் பார்த்தான். அப்பாவை அனுப்பினான் என்று அவர்கள் கட்டிய கணக்கு உடைந்து கிடந்தது. உடைந்த இடத்தில் தெரிந்தது அதைவிட மோசமாக இருந்தது. அந்த அம்மாள் காலி வண்டிக்கு எழுந்திருக்கிறார். காலி என்று தெரிந்தே.

மயானத் தீர்மானம் எப்படி நிறைவேறியது என்று பத்மாவதி மெல்ல எடுத்துச் சொன்னாள். மாசாணம் துணியைக் கையில் வைத்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய அம்மாவும் அந்த மயானத்தில்தான் இருந்தாள்.

திரும்பும் வழியிலேயே சாய்சரணின் அழைப்பு வந்தது. தோட்டத்துக்கு யாரோ வந்துபோன செய்தி அதற்குள் எட்டியிருந்தது.

"நம்ம ஆளுகள்ல ஒருத்தர் இந்தத் தொழில்ல இருக்கறது தெரியாமப் போச்சுங்க. காப்பி சாப்பிட்டுட்டுப் போயிருக்கலாமுங்களே, அத்தை."

"உங்க விதி ரொம்ப நல்லாருக்குதுங்க" என்றாள் பத்மாவதி.

"விதியில என்னங்க தப்பு? எழுந்தா ஆதரவு. கையைப் பிடிச்சு எழுப்பலீங்களே யாரையும்." குரலில் துளி கோபமில்லை. "காலம் மாறிடுச்சுங்க. அவங்களா எந்திரிச்சா நான் என்ன பண்ணட்டும்?"

அவள் செல்போனை அணைத்தாள். அவன் எரிச்சலோடு பேசியிருந்தால் தேவலை என்றிருந்தது.

பழனியாத்தாளின் வீட்டுக்குள், மகளுக்கு முன்னால், பத்மாவதி எல்லாவற்றையும் சொன்னாள். ஹாரன், மிஸ்டு கால், பேட்டரி. பழனியாத்தாள் தலை நிமிரவில்லை.

"உங்களுக்கு முதல்லயே தெரியும். இல்லீங்களா?"

பழனியாத்தாள் முந்தானை நுனியை விரலில் சுற்றினார்.

"ஐயா போய்ச் சேந்தது தெரியுமுங்க. ஹாரன் கேட்டதும் அட, ஐயாதான் இல்லையேன்னு மனசுல ஓடுச்சு. ஓடி முடியறதுக்குள்ள காலு எந்திரிச்சிருச்சு. உக்காரலாமுன்னா முட்டி மடங்கல."

"இதைச் சொல்லியிருந்தா போதுமே அம்மா! இத்தனை நாளா எல்லாரும் உன்னை வித்தவள்னு..."

"வித்தவள்னா கைநீட்டி வாங்கினவள்னு அர்த்தம் கண்ணு. நாளைக்குத் திருந்தலாம். செத்தவன் காருக்கு எந்திரிச்சவளுக்கு என்ன பேரு வெப்பாங்க?" பழனியாத்தாளின் குரல் உடைந்தது. "உன்னை டீச்சருக்குப் படிக்க வெச்சனே, எதுக்கு? நீ உக்காந்திருக்கோணும், மத்தவங்க எந்திரிக்கோணும். உங்கிட்டப் போயி நான் இதை எப்படிச் சொல்லுவேன்?"

மெர்சி அம்மாவின் பூண்டு மணக்கும் கையைப் பிடித்துக்கொண்டாள். "திங்கக்கிழமை சொல்லும்மா. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை பத்மாவதியும் ரசாக்கும் திரையில் விழாதபடி சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். கட்டங்கள் நிரம்பின. போன கூட்டத்தை உறுதி செய்யும் நேரம் வந்ததும் பழனியாத்தாள் பேச அனுமதி கேட்டார். சாய்சரண் திறந்துவிட்டான்.

அவர் சொன்னார். ஒன்றையும் விடவில்லை. காலு, முட்டி, முந்தானை, செத்துப்போன ஐயா, காலி வண்டி, எல்லாவற்றையும். திரையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறுபக்கம் பார்த்தார். தெருவில் செல்போனைச் சுற்றிக் கூடியிருந்த காலனிப் பெண்களின் பேச்சு அடங்கியது.

"கேக்கவே சங்கடமா இருக்குதுங்க" என்றான் சாய்சரண். "எதுக்கு எழுந்தீங்கன்னு விதி கேக்கறதில்ல. ஆனாலும் அம்மணி மனசு நோகக் கூடாது. அந்தத் தீர்மானத்தை மறுபடியும் ஓட்டுக்கு விட்டுடறேனுங்க. யாருக்கும் ஆட்சேபணை இல்லீங்களே?"

"ஜெயிச்சுட்டோங்க்கா" என்று கிசுகிசுத்தான் ரசாக்.

பத்மாவதி கோர்ட்டில் இப்படிக் கேட்காமலே விட்டுக்கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறாள். தோற்கப் போகிறவன் இவ்வளவு தாராளமாக இருக்க மாட்டான்.

"ஆதரிக்கறவங்க எழுந்து நில்லுங்க."

அந்த நான்கு பேர் எழுந்தார்கள். பழனியாத்தாள் நாற்காலியின் இரண்டு பக்கமும் விரல் வெளுக்கப் பிடித்து உட்கார்ந்திருந்தார். மெர்சி மூச்சு விடவில்லை. ஒரு கணம். இன்னொரு கணம்.

பிறகு கீழ்வரிசை ஓரக் கட்டத்தில் பிரான்சிஸ் எழுந்தான். எந்தப் பக்கமும் திரும்பவில்லை. நேராகத் திரையைப் பார்த்து நின்றான், தாடை இறுகி, கண் நிறைந்து.

"அஞ்சு பேருங்க. தீர்மானம் நிறைவேறியது. எல்லாருக்கும் நன்றிங்க."

தெருவில் ஒரு பெண் குரலெடுத்து வைதாள். யாரோ பிரான்சிஸ் வீட்டுக் கதவை எட்டி உதைக்கும் சத்தம் கேட்டது. ரசாக் எழுந்துபோய் விசாரித்துவிட்டு வந்தான். இந்த ஒரு தடவை அவனிடம் கேலி எதுவும் இல்லை.

"பொற்கொடிக்கு நேத்து சாயங்காலம் ஆக்சிஜன் படுக்கை கெடைச்சிருச்சுங்க்கா. தலைவர்தான் ஆஸ்பத்திரிக்குப் பேசினாராம்."

"இவன்தான எங்கம்மாவை வித்தவள்னான்!" மெர்சி எழுந்தாள். "இப்ப இவன் வித்துட்டான். போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வாரேன்."

"உக்காரு கண்ணு" என்றார் பழனியாத்தாள்.

"அம்மா, அப்பா இருக்கற மண்ணு..."

"தெரியும். உக்காரு." கட்டங்கள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்த திரையை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "அவன் அவம் பொண்டாட்டிக்காக எந்திரிச்சான். நாந்தான் யாருமே இல்லாததுக்கு எந்திரிச்சேன்."